கேமரா தெரியவில்லையா? உடனே ஃபார்மேட் வேண்டாம்!

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் நம் ஊரில் சொல்லப்படும் முதல் மருந்து ஒன்றுதான். "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்!" சவுண்ட் வரவில்லையா, ஃபார்மேட். பிரிண்டர் ஓடவில்லையா, ஃபார்மேட். வெப் கேமராவில் படம் வரவில்லையா, அதற்கும் ஃபார்மேட். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயத்தில் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தவறான பழக்கம். கேபிளில் இருக்கும் கோளாறுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பது, கால் வலிக்குத் தலையை மொட்டை அடிப்பது போலத்தான். சில சமயம் முடி மட்டுமல்ல, அதைவிடப் பெரியதும் போய்விடும். அப்படிப் போக இருந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

உப்பளக் கரையில் ஒரு மெஷின்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும்போது மரக்காணம் வரும். சாலையோரத்திலேயே உப்பளங்கள் ஆரம்பித்துவிடும். கோடையில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர் என்று உப்பு. காற்றிலும் உப்பு, நாக்கிலும் உப்பு. அந்தப் பக்கத்தில் என் சித்தப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். பித்தளை வாஷர், புஷ் போன்ற சின்னச் சின்ன பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில்.

கடைந்த பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க, செகண்ட் ஹேண்டில் ஒரு வீடியோ மெஷரிங் மெஷின் வாங்கினார். பார்க்க பெரிய மைக்ராஸ்கோப் மாதிரி இருக்கும். கீழே ஒரு கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் விளக்கு, மேலே லென்ஸ், லென்ஸுக்கு மேலே ஒரு யூ.எஸ்.பி. கேமரா. வாஷரைக் கண்ணாடி மேல் வைத்தால் அதன் நிழல் உருவம் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். விளிம்பை கிளிக் செய்தால் சாஃப்ட்வேர் விட்டத்தைச் சொல்லிவிடும்.

ஒரு நாள் மாலை போன் வந்தது. "மெஷின்ல படம் வரலப்பா. திரை முழுக்கக் கறுப்பு. மெக்கானிக் பையன் வந்து பார்த்தான். விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்னு சொல்றான். பண்ணட்டுமா?"

"இருங்க சித்தப்பா, நான் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்றேன். மறுநாள் காலை 600 வாஷர்கள் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அளந்து அனுப்பாவிட்டால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்.

லைட் எரிந்தால் போதுமா?

போய்ப் பார்த்தபோது கேமராவில் இருந்த சின்ன எல்.இ.டி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "லைட் எரியுதே, கேபிள் நல்லாத்தானே இருக்கு?" என்றார் சித்தப்பா. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு கம்பிகள் 5 வோல்ட் கரண்டுக்கு, இரண்டு கம்பிகள் டேட்டாவுக்கு. பிளக்கின் உள்ளே பார்த்தால் ஓரத்தில் இருக்கும் கரண்ட் தகடுகள் நீளமாகவும், நடுவில் இருக்கும் டேட்டா தகடுகள் கொஞ்சம் குட்டையாகவும் இருக்கும். செருகும்போது முதலில் கரண்ட் சேர வேண்டும், பிறகு டேட்டா சேர வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே கரண்ட் நன்றாகப் போய், டேட்டா போகாமல் இருக்க முடியும். லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று மட்டுமே அர்த்தம். சில மொபைல் சார்ஜர் கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். "அன்நோன் யூ.எஸ்.பி. டிவைஸ்" என்று மஞ்சள் முக்கோணத்துடன் ஒரு வரி. டபுள் கிளிக் செய்தால் "கோட் 43". ஏதோ ஒரு பொருள் செருகப்பட்டிருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. "நீ யார்?" என்று கேட்கிறது. ஒழுங்கான பதில் வரவில்லை. டிரைவர் இல்லாத கோளாறு என்றால் பெரும்பாலும் "கோட் 28" என்று வரும். பதிலே சரியாக வராதபோது முதலில் சந்தேகப்பட வேண்டியது வழியை, அதாவது கேபிளையும் போர்ட்டையும்.

கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் தகடுகளில் பச்சை படிந்திருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அதே கதைதான். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரையில் அந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். பிளக்கில் படிந்த உப்புத்தூள் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீராக மாறுகிறது. தகட்டின் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் அடியில் இருக்கும் செம்பை அது அரிக்கிறது. மரக்காணம் மட்டுமல்ல, நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையில் கடலோரப் பகுதி என்று எங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் இது நடக்கும்.

வேறு ஒரு நல்ல கேபிளை எடுத்து, கேபினட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்க போர்ட்டில் செருகினேன். படம் வந்துவிட்டது! கேபிளின் விலை இருநூறு ரூபாயைத் தாண்டாது.

ஃபார்மேட் செய்திருந்தால்?

செலவு மிச்சம் என்பது சின்ன விஷயம். அந்த கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். அளக்கும் சாஃப்ட்வேர், அதற்கான லைசென்ஸ், கேமராவின் பழைய டிரைவர், எல்லாவற்றுக்கும் மேலாக காலிப்ரேஷன் ஃபைல். கேமராவில் தெரியும் ஒரு பிக்ஸல் என்பது நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் ஃபைல் அது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின் என்பதால் சித்தப்பாவிடம் சி.டி.யும் இல்லை, காப்பியும் இல்லை. ஃபார்மேட் செய்திருந்தால் கேமராவும் வந்திருக்காது, கேபிள் அதே கேபிள்தானே! சாஃப்ட்வேரும் போயிருக்கும். பிறகு அந்த மெஷினை எடைக்குத்தான் போட வேண்டும்.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலும் இதேதான். குழந்தையின் போட்டோக்கள், அப்பாவின் கணக்கு ஃபைல்கள், எங்கோ எழுதி வைத்த லைசென்ஸ் நம்பர். ஃபார்மேட் செய்பவருக்கு அது அரை நாள் வேலை. உங்களுக்குத் திரும்பக் கிடைக்காத பொருள்.

சாஃப்ட்வேர் கோளாறே வராதா?

வரும். நல்ல உதாரணமே இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் விண்டோஸ் 10-க்கு "ஆனிவர்சரி அப்டேட்" வந்தது. அதைப் போட்டதும் உலகம் முழுவதும் நிறையப் பேருடைய வெப் கேமராக்கள் ஸ்கைப் போன்ற புரோகிராம்களில் உறைந்து நின்றன. ஒரே கேமராவைப் பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மைக்ரோசாப்ட் "ஃபிரேம் சர்வர்" என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில், கேமரா சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக், எச்.264 வகைப் படங்கள் புரோகிராம்களுக்கு நேரடியாகப் போகாமல் நின்றுபோயின. அந்த வகையை நம்பியிருந்த புரோகிராம்கள் திணறின. பிறகு மைக்ரோசாப்ட்டே அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சமயத்தில் ஒருவர் ஃபார்மேட் செய்து அதே விண்டோஸ் வெர்ஷனை மறுபடி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே கோளாறும் கூடவே திரும்பி வந்திருக்கும். கோளாறு நிஜமாகவே விண்டோஸில் இருந்தபோதும் ஃபார்மேட் மருந்தாகவில்லை!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. "ஃபார்மேட் பண்ணும்போதே விண்டோஸ் 11 போட்டுடலாம்" என்று சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பழைய மெஷின் கேமரா, பழைய ஸ்கேனர் போன்றவற்றுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அந்த கம்ப்யூட்டரை அப்படியே விட்டு, இன்டர்நெட் இணைப்பை மட்டும் எடுத்துவிடுவது நல்லது. அளப்பதற்கு இன்டர்நெட் எதற்கு?

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

என் கருத்து இதுதான். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். மலிவானதை முதலில் மாற்ற வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கோளாறு என்று கடைசி வரை தெரியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்யக்கூடிய வரிசை இது.

1. கேமராவைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே பயந்து ஓடிவிடும்.

2. போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்களே நல்லது. அவை மதர்போர்டிலேயே இருப்பவை. முன்பக்க போர்ட் உள்ளே ஒரு ஒயர் மூலம் வருகிறது. அங்கேயும் ஒரு இணைப்பு தளரலாம்.

3. கேபிளை மாற்றுங்கள். யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிளக்கில் களிம்பு இருந்தால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் மேல்பூச்சும் போய்விடும்.

4. யூ.எஸ்.பி. ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். காரணம் இரண்டு. ஒரு யூ.எஸ்.பி. 2.0 போர்ட் கொடுக்கும் கரண்ட் 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் எல்லாப் பொருள்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டாவது, டேட்டா. 1280×1024 அளவுள்ள கலர் படத்தில் ஒரு பிக்ஸலுக்கு 2 பைட், நொடிக்கு 30 படங்கள் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு 7.86 கோடி பைட்கள் வரும். அதாவது சுமார் 629 மெகாபிட். யூ.எஸ்.பி. 2.0-ன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். அதனால்தான் கேமராக்கள் படத்தைச் சுருக்குகின்றன, அல்லது படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. ஏற்கெனவே நெருக்கடியான பாதை அது. அதே ஹப்பில் பென் டிரைவில் காப்பியும் ஓடினால் படம் திக்கும்.

5. டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் மெனுவில் இருக்கும். கேமராவின் பெயரே சரியாகத் தெரிந்தால் கேபிள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. "கோட் 28" என்றால் டிரைவர் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் ப்ராப்பர்டீஸில் "ரோல் பேக் டிரைவர்" இருக்கிறதா என்று பாருங்கள். படம் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால், யூ.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கரண்ட் மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை ஆஃப் செய்யலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

6. பிரைவசி செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் கேமராவுக்குத் தனி அனுமதி உண்டு. டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு என்று தனியாக ஒரு ஸ்விட்சும் இருக்கிறது. அது ஆஃப் ஆகியிருந்தால் கேபிள், டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். வேறு ஏதாவது புரோகிராம் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த ஆறையும் முடிக்க ஒரு மணி நேரம் ஆகுமா? அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், கேமராவை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கேமராதான் போய்விட்டது. அங்கே வந்தால் மட்டும் உங்கள் விண்டோஸ் மீது சந்தேகப்படுங்கள்.

படம் வந்துவிட்டது, அளவு வந்துவிட்டதா?

மரக்காணம் கதை படம் வந்ததோடு முடியவில்லை. முக்கியமான பகுதி இனிமேல்தான்.

படம் வந்ததும் சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "போதும்பா, நான் அளக்க ஆரம்பிக்கிறேன்" என்று வாஷர் பெட்டியைத் திறந்தார். "கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, அந்தக் கண்ணாடித் தகட்டை எடுங்க" என்றேன். மெஷினோடு வந்த சின்னத் தகடு அது. அதில் 5.000 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் பொறித்திருக்கும். அதை வைத்து அளந்தோம். திரையில் வந்த எண் 5.035!

என்ன நடந்தது? முந்தின நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதில், கேமராவை லென்ஸ் குழாயோடு இணைக்கும் மரை லேசாகத் தளர்ந்து கேமரா கொஞ்சம் மேலே நகர்ந்துவிட்டது. கேமரா விலகியதால் படம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. முன்பு 1000 பிக்ஸல் இருந்த வட்டம் இப்போது 1007 பிக்ஸல். சாஃப்ட்வேருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு பிக்ஸல் 0.005 மில்லிமீட்டர் என்று பழைய கணக்கிலேயே பெருக்கி 5.035 என்று சொல்கிறது. படம் பளிச்சென்று இருக்கிறது, எண்ணும் மூன்று தசமத்தில் வருகிறது. பார்ப்பவர் நம்பாமல் என்ன செய்வார்?

அந்த வாஷர்கள் 5.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.02 கூடலாம் குறையலாம். இந்த நிலையில் அளந்திருந்தால், சரியான 5.00 வாஷர் 5.035 என்று காட்டி குப்பைக்குப் போயிருக்கும். 4.97 இருக்கும் கெட்ட வாஷர் 5.005 என்று காட்டி நல்ல பெட்டிக்குள் போயிருக்கும். நல்லதெல்லாம் வெளியே, கெட்டதெல்லாம் உள்ளே!

மரையை இறுக்கி, கேமரா கோணலாக இல்லாமல் பார்த்து, தகட்டை வைத்துப் புதிதாகக் காலிப்ரேஷன் செய்தோம். பிறகு அதே வட்டத்தைத் தகட்டின் திசையை மாற்றி மாற்றி மூன்று முறை அளந்தோம். 5.000-க்கு அருகிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தொட்டோம். இரவு வெகுநேரம் ஆனது, ஆனால் மறுநாள் வண்டி கிளம்பியது.

படம் வராத மெஷினால் ஒரு நாள் வேலை கெடும். தப்பான அளவை தைரியமாகச் சொல்லும் மெஷினால் பெயரே கெட்டுவிடும். கேமராவை, கேபிளை, டிரைவரை, ரெசல்யூஷனை எதைத் தொட்டாலும் தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்த்த பிறகே தெரியாத பொருளை அளக்க வேண்டும். இதை நான் சட்டம் என்றே சொல்வேன்.

உப்பளத்தில் இருக்கும் ஒரு கருவியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். உப்புநீரின் அடர்த்தியைப் பார்க்க பாமே டிகிரி காட்டும் கண்ணாடி மிதவையை நீரில் விடுவார்கள். கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும், 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு விளைய ஆரம்பிக்கும். அந்த மிதவை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல தண்ணீரில் விட்டால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றால் நம்பலாம். கரண்டும் இல்லை, யூ.எஸ்.பி.யும் இல்லை. தத்துவம் ஒன்றுதான்.

வீட்டிலும் இதற்கு வேலை உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து தையல் பேட்டர்ன் பிரிண்ட் எடுக்கிறீர்கள். பிரிண்டர் டிரைவரை மாற்றிய பிறகு "ஃபிட் டு பேஜ்" ஆன் ஆகியிருந்தால் 10 சென்டிமீட்டர் கோடு 9.6 ஆக வரும். ரவிக்கைத் துணியை வெட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்? முதலில் ஒரு கோட்டை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரோடு இணையும் எந்தப் பொருளை வாங்கினாலும், புதிதோ பழையதோ, டிரைவர், லைசென்ஸ் நம்பர், செட்டிங் ஃபைல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் கொடுக்கத் தயங்கினால் அந்த விலைக்கு வாங்காதீர்கள். வாங்கியதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு உபரி கேபிளும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கடலோர வாசகர்களுக்கு இது கட்டாயம்.

யாராவது "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேபிளை மாத்திப் பார்த்தீங்களா?" பதில் இல்லை என்று வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்களே முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். சித்தப்பாவின் மெஷின் மேல் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. அவரே எழுதியது: "முதலில் வட்டம், பிறகு வாஷர்."